உபயம்: மோசஸ் கிம்பல்

1

கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் கொடுக்கிறவர் அந்தக் குழாய் மேலேயே ‘உபயம்’ என்று போட்டுத் தன் பேரையும் தகப்பன் பேரையும் கடைப் பேரையும் எழுதி வைப்பார். எழுத்து பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். வெளிச்சம் கொறஞ்சாலும் பேரு பளிச்சுன்னு தெரியும். தானத்துக்குள் இருக்கிற இந்தச் சூட்சுமத்தை நம்ம சனங்க எப்பவோ கேலி பண்ணி முடித்துவிட்டார்கள். ஆனால் சிலை என்று வந்தால் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது மறந்துபோகிறது. மூக்கு சரியாக இருக்கிறதா, முழி சரியாக இருக்கிறதா, சிற்பி எந்தப் பாணியில் வந்தவர் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கி வைத்தது, யாரைக் கேட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை சமாச்சாரம் என்று தள்ளிவிடுவார்கள்.

கொடுத்த கையும் வாங்கிய கையும் சேர்ந்துதான் சிலையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. இதைச் சொல்ல, அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் 1879ல் நன்கொடையாகப் பெற்று, 141 வருஷம் பொது இடத்தில் வைத்திருந்து, 2020 டிசம்பரில் இறக்கிய ஒரு வெண்கலச் சிலையை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சிலையைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மகாத்மா ஃபுலே 1873ல் ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டபோது அதை அமெரிக்காவில் நீக்ரோ அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட நல்ல மக்களுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். 1972ல் பம்பாயில் உருவான தலித் பாந்தர்கள் பேர் எடுத்ததே அங்கிருந்துதான். அவர்கள் வீட்டு நல்லது கெட்டது நமக்குத் தூரத்து உறவுக்காரர் சங்கதி இல்லை.

2

சிலை இப்படி இருக்கும். லிங்கன் நிற்கிறார். கோட்டு, காலர், பூட்ஸ் எல்லாம் முழுசாக. வலது கை ஒரு தூணின் மேல் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் மீது இருக்கிறது. இடது கை முன்னால் நீண்டிருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே ஒரு கறுப்பு மனிதர். இடுப்பில் ஒரு துண்டு தவிர உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. ஒரு முழங்கால் தரையில். மணிக்கட்டில் அறுந்த விலங்கு. லிங்கன் பக்கத்தில் தவழ்கிற பிள்ளை மாதிரி அவர் உயரம் லிங்கனின் தொடை மட்டத்தில் நின்றுவிடுகிறது.

செய்தவர் தாமஸ் பால், பாஸ்டன் வட்டாரத்துக்காரர், இத்தாலியில் ஃபிளாரன்ஸில் தங்கி வேலை செய்தவர். மூலச் சிலை 1876ல் வாஷிங்டனில் லிங்கன் பூங்காவில் வைக்கப்பட்டது. பாஸ்டனில் இருந்தது அதன் பிரதி. அந்தப் பிரதியை நகரத்துக்குத் தானமாகக் கொடுத்தவர் மோசஸ் கிம்பல்.

இந்த கிம்பல் யார்? பாஸ்டன் மியூசியம் என்ற பேரில் காட்சிசாலையும் நாடகக் கொட்டகையும் நடத்திச் சம்பாதித்தவர். அரசியலிலும் இருந்தவர். குரங்கின் மேல்பாதியையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்து ‘ஃபிஜித் தீவுக் கடற்கன்னி’ என்று 1842ல் ஊரைக் கூட்டிக் காட்டினாரே பார்னம், அந்தப் பொம்மையை அவருக்கு வாடகைக்கு விட்டவர் இவர்தான். காசு கொடுத்து வருகிறவன் எதைப் பார்க்க ஆசைப்படுவான் என்பது இவருக்குத் தெரியும். அவர் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லை. நல்லெண்ணம் உள்ளவர் தேர்ந்தெடுத்த உருவமே இப்படித்தான் இருந்தது என்பதுதான் விஷயம்.

பீடத்தில் எழுதியிருந்ததையும் வாசிக்க வேண்டும். ஓர் இனம் விடுவிக்கப்பட்டது, நாடு சமாதானத்தில் இருக்கிறது, லிங்கன் தன் உழைப்பிலிருந்து ஓய்வெடுக்கிறார் என்று அதற்குப் பொருள். இதன் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிப்போம். ‘விடுவிக்கப்பட்டது’. செயப்பாட்டு வினை. உழைத்தவர் என்று ஒருத்தர் பேர்தான் வருகிறது. வயல்களில் 250 வருஷம் உழைத்தவர்களுக்கு அந்தக் கல்லில் வினைச்சொல்லே கிடையாது. உழைப்பும் லிங்கனுடையது, ஓய்வும் லிங்கனுடையது. இனத்துக்கு மிச்சம் முழங்கால்தான்.

‘நாடு சமாதானத்தில் இருக்கிறது’ என்பது 1879ல் எழுதப்பட்ட வாக்கியம். 1877லேயே வட அமெரிக்க அரசியல்வாதிகள் தெற்கின் வெள்ளையர்களோடு உடன்பாட்டுக்கு வந்து, கறுப்பர்களுக்குக் காவலாக நின்ற மத்தியப் படைகளை விலக்கிக்கொண்டார்கள். ஓட்டுப்போடப் போன கறுப்பர்களை அடித்தார்கள், கொன்றார்கள். இந்தச் சிலை பாஸ்டனில் திறக்கப்பட்ட அதே 1879ல்தான் மிசிசிப்பியிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் மூட்டை முடிச்சோடு கான்சாஸை நோக்கிக் கிளம்பினார்கள். அங்கே ஒரு சனமே எழுந்து நடந்துகொண்டிருந்தது. இங்கே அதை மண்டிபோட வைத்துப் பீடத்தில் சமாதானம் என்று எழுதினார்கள். ஊர்க்காரன் சமாதானமா இருக்கான்னா சேரிக்காரன் வாய மூடிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். இது நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

3

மூலச் சிலைக்கு வேறொரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் பிரதியைப் பேசினால் அநியாயம்.

1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்த சேதி கேட்டு, அடிமையாக இருந்து விடுதலையான ஷார்லட் ஸ்காட் என்ற பெண், ஓஹையோ மாநிலத்தில், தான் சுதந்திர மனுஷியாகச் சம்பாதித்த காசிலிருந்து 5 டாலர் எடுத்துக்கொடுத்து, அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்றார். அதிலிருந்து வசூல் ஆரம்பித்தது. பெரும்பகுதி கறுப்புச் சிப்பாய்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த காசு. வெள்ளைக்காரர் காசு சேராத நினைவுச் சின்னம் என்பதில் அவர்களுக்குப் பெருமை இருந்தது.

காசு அவர்களுடையது. காசை வைத்திருந்தது செயின்ட் லூயிஸில் வெள்ளையர்கள் நடத்திய ஒரு நிவாரணக் குழு. அதில் முக்கியமானவர் வில்லியம் கிரீன்லீஃப் எலியட் என்ற பாதிரியார். நம்முடைய நவீனக் கவிஞர்கள் கொண்டாடுகிற டி. எஸ். எலியட்டின் தாத்தா. ஹாரியட் ஹாஸ்மர் என்ற பெண் சிற்பி கொடுத்த வேறொரு திட்டத்தில் அடிமைச் சந்தையில் தொடங்கித் துப்பாக்கி ஏந்திய கறுப்புச் சிப்பாய் வரைக்கும் உருவங்கள் இருந்தன. செலவு ஜாஸ்தி என்று அது கைவிடப்பட்டது. சிப்பாய்கள் காசு கொடுத்தார்கள், சிப்பாயின் உருவத்துக்குக் காசு இல்லை. தாமஸ் பால் ஏற்கெனவே செய்து வைத்திருந்த மண்டியிட்ட மனிதனை எலியட் தேர்ந்தெடுத்தார்.

முதல் மாதிரியில் பால் எந்தக் கறுப்பரையும் பார்த்துச் செய்யவில்லை. தன் உடம்பையே மாதிரியாக வைத்துச் செய்தார். அடிமை இப்படித்தான் மண்டியிடுவான் என்பதை ஒரு வெள்ளைச் சிற்பி தன் உடம்பில் கற்பனை செய்திருக்கிறார். கற்பனைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1787ல் இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் மண்பாண்டக் கம்பெனி அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காகச் செய்த பதக்கத்திலும் விலங்கிட்ட ஒரு கறுப்பர் மண்டியிட்டுக் கைகூப்பிக் கெஞ்சுவார். அடிமை விடுதலையை ஆதரித்த வெள்ளைக்காரர்களின் கண்ணுக்கு அதுவரை பழகிய கறுப்பு உடல் அதுதான். எதிர்த்தவன் சாட்டையால் மண்டிபோட வைத்தான். ஆதரித்தவன் கருணையால் மண்டிபோட வைத்தான்.

பிறகு அந்த உருவத்துக்கு ஒரு நிஜ மனிதரின் முகத்தை வைத்தார்கள். ஆர்ச்சர் அலெக்சாண்டர். இவர் கதையைக் கேட்டால் சிலையே பொய்யாகிவிடும். மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்தவர். 1863ல், வடக்குப் படை கடக்க இருந்த பாலத்தின் கட்டைகளைத் தெற்கு ஆதரவாளர்கள் அறுத்து வைத்திருப்பதை அறிந்து, ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய்ப் படைக்குத் தகவல் சொன்னவர். அதனால் உயிருக்கு ஆபத்து வந்து தப்பி ஓடியவர். செயின்ட் லூயிஸில் எலியட் அவருக்கு இடம் கொடுத்தார். அடிமை பிடிக்கிறவர்கள் வந்து இழுத்துப்போனபோது மீட்டார். எலியட்டின் உதவியை மறுக்கவில்லை. ஆனால் விடுதலையை நோக்கி நடந்த கால் ஆர்ச்சர் அலெக்சாண்டரின் கால். அந்தக் காலைத்தான் சிலையில் மடக்கி வைத்தார்கள்.

இன்னொன்று. லிங்கன் 1863 ஜனவரி 1ல் வெளியிட்ட பிரகடனம் கலகம் செய்த தென்பகுதிகளுக்கு மட்டும். மிசௌரி பிரிந்துபோகாத மாநிலம் என்பதால் அங்கிருந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது. ஆக, எந்தக் காகிதத்தின் மேல் லிங்கன் கைவைத்திருக்கிறாரோ அந்தக் காகிதம், எந்த மனிதனுக்கு மேல் கையை நீட்டியிருக்கிறாரோ அவனை விடுவிக்கவே இல்லை. ஆனாலும் அவன் மண்டியிட்டு நன்றி சொல்ல வேண்டும். அலெக்சாண்டரின் வம்சத்தில் வந்தவர்தான் குத்துச்சண்டை வீரர் முகமது அலி என்று 2018ல் மரபணுச் சோதனையை வைத்துச் சொன்னார்கள். அது ஒரு சந்தோஷம்.

1876 ஏப்ரல் 14 அன்று சிலையைத் திறந்தபோது ஜனாதிபதி கிராண்ட் முன்னிலையில் ஃபிரெடரிக் டக்ளஸ் பேசினார். தானே அடிமையாகப் பிறந்து தப்பித்தவர். புகழ்மாலை சூட்டும் மேடையில் நின்றுகொண்டு, லிங்கன் முதன்மையாக வெள்ளையர்களின் ஜனாதிபதிதான், அவர்கள் சொந்தப் பிள்ளைகள், நாங்கள் மூத்தாள் பிள்ளைகள் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு அதே லிங்கனின் பெருமையையும் சொன்னார். அதோடு விடவில்லை. சில நாட்களில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாலுகால் பிராணி மாதிரி மண்டியிடாமல் மனுஷனாக எழுந்து நிற்கிற ஒரு கறுப்பரின் சிலையை நான் சாவதற்குள் பார்க்க வேண்டும்; ஒரு சிலையே முழு உண்மையையும் சொல்லிவிட முடியாது; இந்தப் பூங்காவில் இன்னொன்றுக்கும் இடமிருக்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் பழைய பத்திரிகைக்குள் கிடந்து 2020ல்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. சிலை 144 வருஷம் நின்றது. அதன் முதல் விமர்சனம் 144 வருஷம் தூங்கியது. எது பொது இடத்தில் நிற்கும், எது காகிதக் கட்டுக்குள் கிடக்கும் என்பதும் சாதி மாதிரி ஒரு ஏற்பாடுதான்.

டக்ளஸ் கேட்ட இன்னொரு சிலை அந்தப் பூங்காவுக்கு வர 98 வருஷம் ஆனது. 1974ல் கறுப்புப் பெண்களின் தேசிய அமைப்பு ஒன்று காசு திரட்டி, அந்த அமைப்பைத் தொடங்கிய கல்வியாளர் மேரி மெக்லியாட் பெத்யூனுக்குச் சிலை வைத்தது. பெத்யூன் நேராக நிற்கிறார். எதிரில் இரண்டு குழந்தைகள், அவர்களும் நிற்கிறார்கள். லிங்கன் சிலையைத் திருப்பி அவரைப் பார்க்கும்படி வைத்தார்கள்.

4

இப்போது பாஸ்டன் பிரதிக்கு வருவோம். வாஷிங்டன் சிலையில் மண்டியிட்ட உருவம் இருந்தாலும் ஷார்லட் ஸ்காட்டின் 5 டாலர் இருக்கிறது. சிப்பாய்களின் சம்பளம் இருக்கிறது. டக்ளஸின் குரல் இருக்கிறது. அதனால்தான் 2020ல் அதை எடுக்கச் சொல்லிக் கறுப்பர்கள் போராடியபோது, எங்க முன்னோர் காசு போட்ட சிலை, இருக்கட்டும் என்று சொன்ன கறுப்பர்களும் இருந்தார்கள். அந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஏழைச் சனம் வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசு ஒரு கலைப்பொருளின் அர்த்தத்தை உள்ளிருந்தே மாற்றும் வல்லமை உள்ளது.

கிம்பலின் பிரதியில் அந்தக் காசு இல்லை. பிரதி எடுக்கும்போது வெண்கலம் அப்படியே வந்தது, வரலாறு வரவில்லை. விடுதலையானவர்களின் நன்றிக்கடன் என்ற பொருள் உதிர்ந்துவிட்டது. ஒரு பணக்காரர் தன் ஊருக்குக் கொடுத்த அன்பளிப்பு என்ற பொருள் வந்து உட்கார்ந்தது. மிச்சம் இருந்தது முழங்கால் மட்டும். வெள்ளைக்காரர் கொடுத்தார், வெள்ளைக்காரர்களின் நகரசபை வாங்கியது, தங்களுடைய நல்ல குணத்துக்குத் தாங்களே நினைவுச் சின்னம் வைத்துக்கொண்டார்கள். அதில் கறுப்பு உடம்பு சாட்சிக் கையெழுத்து.

அதே பாஸ்டனிலிருந்து 1863ல் 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு கிளம்பியது. கறுப்புச் சிப்பாய்களின் படை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், உங்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம் என்றபோது, அந்தச் சம்பளமே வேண்டாம் என்று வாங்க மறுத்துக்கொண்டே சண்டை போட்டவர்கள். வாங்க மறுப்பதும் ஒரு விடுதலைச் செயல். அந்த மனிதர்கள் நடந்த தெருக்களுள்ள ஊருக்கு 16 வருஷம் கழித்து இந்த மண்டியிட்ட மனிதன் வந்து சேர்ந்தான். படையின் வெள்ளைத் தளபதி ஷாவுக்கு 1897ல் நினைவுச் சின்னம் வைத்தபோது சிப்பாய்கள் ஆளுக்கொரு முகத்தோடு அணிவகுத்து நடக்கிறார்கள். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் செத்துப்போன சிப்பாய்களின் பேர் அதில் பொறிக்கப்பட 1982 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

5

சிலையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அவன் மண்டியிடவில்லை, எழுந்துகொண்டிருக்கிறான். விலங்கு அறுந்திருக்கிறது, கை இறுகியிருக்கிறது, பார்வை மேலே இருக்கிறது. சிற்பி பிடித்த கணம் அது என்பார்கள். சிற்பியின் உத்தேசம் அதுவாக இருக்கலாம். ஆனால் சிலை என்பது ஒரு கணத்தை நிரந்தரமாக்கும் கலை. 141 வருஷமா எழுந்துக்கிட்டே இருக்கான், இன்னும் எழுந்தபாடில்லை. படிப்படியாகத் தருவோம், பொறுத்திருங்கள் என்று காலங்காலமாக நமக்குச் சொல்லப்படுகிறதே, அந்தப் பேச்சுக்கு வெண்கலத்தில் உருவம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

2020 மே மாதம் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அதற்குப் பிறகு பாஸ்டனில் டோரி புல்லக் என்ற கறுப்பு நடிகர் ஒரு மனுவைத் தொடங்கினார். சின்ன வயசிலிருந்து இந்த மனிதரை முழங்காலில் பார்க்கிறேன், விடுதலையானவர் என்றால் ஏன் இன்னும் மண்டியிட்டிருக்கிறார் என்பதுதான் அவர் கேள்வி. ஒரு குழந்தை கேட்கிற கேள்வி. கலை விமர்சகர்கள் கேட்கத் தவறிய கேள்வியும் கூட. 12,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். பாஸ்டன் கலை ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டு, ஜூன் 30 அன்று ஒருமனதாக முடிவெடுத்தது. டிசம்பர் 29 அன்று சிலை இறக்கப்பட்டது.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்று கூப்பாடு எழுந்தது. நகரம் யாரோ கொடுத்ததை வைத்திருந்தது, அதற்கு நகரம் என்ன செய்யும் என்றும் பேசினார்கள். இந்த இரண்டாவது பேச்சுக்கு அமெரிக்க உச்சநீதிமன்றமே ஒரு வகையில் பதில் சொல்லியிருக்கிறது. யூட்டா மாநிலத்தில் பிளசன்ட் குரோவ் என்ற சிறு நகரத்தின் பூங்காவில் 1971ல் ஒரு சங்கம் கொடுத்த பத்துக் கட்டளைகள் நினைவுக்கல் இருந்தது. சும்மம் என்ற சிறு மதக்குழு, எங்கள் கொள்கைகளைப் பொறித்த கல்லையும் வாங்கி வையுங்கள் என்றது. நகரம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2009ல் தீர்ப்பு: பொதுப் பூங்காவில் நிரந்தரமாக வைக்கப்படும் நினைவுச் சின்னம், தனியார் தானமாகக் கொடுத்ததாக இருந்தாலும், அரசின் பேச்சு, எதை ஏற்பது என்பது நகரத்தின் விருப்பம்.

சிறு குழுவுக்கு அந்தத் தீர்ப்பு நியாயம் செய்ததா என்பது தனிப் பேச்சு. அதன் தர்க்கத்தை நாம் மறுபக்கம் திருப்பிப் பிடிக்கலாம். ஏற்பது உன் பேச்சு என்றால், ஏற்றதற்குப் பொறுப்பும் உன்னுடையது. யாரோ கொடுத்தார் என்று நழுவ முடியாது. பாஸ்டன் 141 வருஷம் தன் கறுப்புக் குடிமக்களைப் பார்த்துத் தினமும் ஒரு வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருந்தது. 2020ல் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வரலாறு அழிந்ததா என்றால், ஆர்ச்சர் அலெக்சாண்டர் யார் என்று சனங்கள் தேடிப் படித்தது சிலை இறங்கும்போதுதான்.

6

இதே பாஸ்டனில் இதே விஷயத்தைப் பற்றி இன்னொரு சிலை இருக்கிறது. மெட்டா வாரிக் ஃபுல்லர் என்ற கறுப்புப் பெண் சிற்பி செய்தது. விடுதலைப் பிரகடனத்தின் 50ஆவது ஆண்டுக்காக 1913ல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சிக்கு டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் கேட்டுச் செய்தது. அதில் லிங்கன் இல்லை. பிரகடனக் காகிதம் இல்லை. மண்டியிட்டவர் யாரும் இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். உடம்பில் துணி குறைவுதான். ஆனால் அதைப் பார்த்து இரக்கப்படத் தோன்றாது. பின்னால் விதியின் விரல்கள் போல ஒரு மரம் அவர்களைப் பிடிக்க வளைகிறது. மனித குலம் ஓர் உருவமாக நின்று முகத்தை மூடி அழுகிறது. இவர்கள் அழவில்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

எனக்கு இந்தச் சிலையில் பிடித்தது அதன் நேர்மை. விடுதலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்த பரிசு என்று அது சொல்லவில்லை. விடுதலைக்குப் பிறகு எல்லாம் சுகம் என்றும் சொல்லவில்லை. நம்மிடையே தலித் கலை என்றால் யார் செய்வது, எதைப் பற்றிச் செய்வது என்று ஓயாத விவாதம் நடந்திருக்கிறது. தாமஸ் பாலையும் ஃபுல்லரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த விவாதம் பாதி முடிந்துவிடும். தலைப்பு ஒன்று, சம்பவம் ஒன்று. பார்க்கிற இடம் வேறு என்பதால் உடம்பே வேறாகிறது.

ஆனால் இதிலும் தானத்தின் கணக்கு இருக்கிறது. பாலின் சிலைக்கு வெண்கலம் கிடைத்தது, பிரதி எடுக்கவும் ஒரு பணக்காரர் கிடைத்தார். ஃபுல்லரின் சிலை 1913லிருந்து சுண்ண வார்ப்பாகவே கிடந்து, 1999ல்தான் வெண்கலமாகி பாஸ்டன் தெற்குப் பகுதியில் ஹாரியட் டப்மன் பேரில் உள்ள சின்னப் பூங்காவில் வைக்கப்பட்டது. நின்றவர்களுக்கு உலோகம் கிடைக்க 86 வருஷம்.

அந்த 1913ல்தான் அம்பேத்கர் நியூயார்க் வந்து கொலம்பியாவில் சேர்ந்தார். டுபாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதியது 1946ல், நீக்ரோக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டு எழுதினார். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை கட்ட நான் வரவில்லை. அவர் கேட்ட விதத்தை மட்டும் பாருங்கள். ஆதரவு கொடுங்கள் என்று கேட்கவில்லை, உங்கள் மனுவைக் கொடுங்கள், நாங்களும் படிக்க வேண்டும் என்று கேட்டார். ஒருத்தன் இன்னொருத்தனிடம் கருவியைக் கேட்டு வாங்குகிற மாதிரி.

7

அப்படியானால் ஃபுலே செய்த சமர்ப்பணம்? அவரும் அடிமை ஒழிப்புக்காகத் தியாகம் செய்தவர்களைப் புகழ்ந்துதானே எழுதினார் என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஃபுலே நன்றி சொன்னார். அந்த நன்றியை அப்படியே திருப்பி, தன் நாட்டு மேல்சாதிக்காரர்களைப் பார்த்து, இவர்களைப் பார்த்துக் கத்துக்கிட்டு சூத்திரர்களை விடுவியுங்கள் என்று நெற்றிப்பொட்டில் அறைந்த மாதிரி கேட்டார். நின்றுகொண்டு சொன்ன நன்றி. டக்ளஸ் மேடையில் சொன்னதும் அதே வகை. நன்றிக்கு முழங்கால் தேவையில்லை என்பதற்கு இந்த இரண்டு பேருமே சாட்சி. முழங்கால் கொடுக்கிறவனின் தேவை.

நம்ம சேரிகளில் அண்ணல் சிலை பெரும்பாலும் நம்ம சனங்கள் வசூல் பண்ணி வைத்தது. கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். சிற்ப நயம் இல்லை, விரல் கோணல் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அதில் யாரும் யாருக்கும் கீழே இல்லை. அதைத்தான் உடைக்கிறார்கள், அதைத்தான் கூண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது அரசுகளும் கட்சிகளும் பெரிய பெரிய சிலைகளை நமக்குத் தருகின்றன. 2023 ஏப்ரல் 14ல் ஐதராபாத்தில் 125 அடியில் அம்பேத்கர் சிலையைத் திறந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். ஆனால் சிலையின் உயரத்தை அளக்கிற நேரத்தில் பீடத்து எழுத்தின் வினைச்சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘பெற்றார்கள்’ என்று இருக்கிறதா, ‘வழங்கப்பட்டது’ என்று இருக்கிறதா? கொடுத்தவர் பேர் எத்தனை அங்குலம், போராடியவர் பேர் எத்தனை அங்குலம்? வைப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?

சிலை விமர்சனம் எழுத விரும்புகிற மாணவத் தோழர்கள் இந்த மூணு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். மூக்கு முழி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.